வரிசையில் கடைசியாக நிற்பவர்

"கத்திரிக்காய் மாடு எங்கே?"

அவ்வளவுதான் எழுதியிருந்தார் அந்த ஆட்டக்காரர். வீடியோ கேமின் டெமோவை விளையாடிவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் இசை பிடித்தது, சண்டை இழுக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது என்றுதான் எழுதுவார்கள். இது என்ன கேள்வி? நருமி சிரித்துவிட்டு அடுத்த கருத்துக்குப் போனாள். அதிலும் அதே கேள்வி. அதற்கடுத்ததில், "குதிரை மட்டும் வைத்தால் போதுமா? மாடு வைக்க வேண்டாமா? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்" என்று இருந்தது.

முன்னோரை வரவேற்கும் ஒபோன் பண்டிகை வந்தால் மத்ஸுமோதோ ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டையும் செய்வார்கள். வெள்ளரிக்காயில் நாலு குச்சி குத்தினால் குதிரை. செத்துப்போனவர்கள் அதில் ஏறி வேகமாக வீட்டுக்கு வருவார்கள். கத்திரிக்காயில் குத்தினால் மாடு. அதில் ஏறி மெள்ள, மனசே இல்லாமல் திரும்பிப் போவார்கள். பதின்மூன்றாம் தேதி வாசலில் பிர்ச் மரப்பட்டையைக் கொளுத்தி வரவேற்பார்கள். பதினாறாம் தேதி பொழுது சாயும்போது அதே வாசலில் கொளுத்தி வழியனுப்புவார்கள். நருமி எழுதிய ஆட்டத்தின் முதல் ஊரிலும் இதேதான். கதாநாயகன் வெள்ளரிக்காய்க் குதிரையை வைத்துப் பட்டையைக் கொளுத்துவான். 'யாரை எதிர்பார்க்கிறாய்?' என்று திரை கேட்கும். ஆட்டக்காரர் ஒரு பெயரை எழுத வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் வந்து கதாநாயகனுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொள்வார். பிறகு பக்கத்துக் காட்டில் கொஞ்சம் சண்டை, அவ்வளவுதான் டெமோ. வழியனுப்பும் நெருப்பெல்லாம் முழு ஆட்டத்தின் கடைசியில். அது வெளிவர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். டெமோவைப் பதின்மூன்றாம் தேதியே விட்டுவிடலாம், பொருத்தமாக இருக்கும் என்று முதலாளி சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நருமியும்தான் கைதட்டினாள்.

இன்று பதினாறு. ஆபீசில் ஒருவனைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே சிள்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன, ஏசி முனகியது, மூலையில் புரோகிராமர் தெசிமா சோற்று உருண்டையின் பிளாஸ்டிக் உறையைச் சரசரவென்று பிரித்துக்கொண்டிருந்தான், இத்தனைக்கும் நடுவில் எங்கிருந்தோ பட்டை எரிந்த புகையின் இனிப்பும் கசப்புமான வாசனை மெலிதாக வந்துகொண்டே இருந்தது.

"யாராவது இப்பவே கொளுத்திட்டாங்களா? புகை நாறுதே" என்றாள்.

"இந்த வெயில்ல யாருங்க நருமிசான் கொளுத்துவாங்க? உங்க மூக்குக்கு லீவு குடுங்க" என்றான் தெசிமா.

அவள் தொடர்ந்து படித்தாள். "நீ ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று முறை வைத்து அடித்துக்கொள்ளும் பழைய சண்டை. சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது." நல்லது. "எல்லாரும் எறும்பு மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக நடப்பதைப் பார்க்கவே அழகு." நல்லது. "அப்பாவின் பெயரைப் போட்டேன். அப்பா பின்னால் வருகிறார். நான் நின்றால் நிற்கிறார். ஆட்டத்தை அணைத்த பிறகும்." நருமி அந்த வரியைத் திரும்பப் படித்தாள். "திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கிறது. மாட்டை எப்போது தருவீர்கள்?"

இன்று காலையில் சோஹெய் இப்படித்தான் நடந்தான்.

சோஹெய் அவள் கணவன். டெமோ வந்த அன்று மாலை திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன், சாப்பிடவும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். என்ன பெயர் போட்டான் என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர்களுக்கு ஒரே பெண், சாயோ. மூன்று வயதில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நருமியும் ஆபீசில் சோதித்துப் பார்த்தபோது அந்தப் பெயரின் முதல் எழுத்து வரை போயிருக்கிறாள். பயந்து அழித்துவிட்டாள். சோஹெய் பயப்படவில்லை. காலையில் அவன் கூடத்தில் நாலடி நடந்து நின்றான், காதைத் தீட்டிக்கொண்டான், சிரித்தான், மறுபடி நடந்தான். அவன் நிற்கும்போதெல்லாம் ஒரு நொடி தாமதமாக ஒரு சத்தமும் நின்றது. கீச். சாயோவின் செருப்பு அப்படித்தான் கத்தும், அடிக்கு ஒரு கீச்சு. அது புத்தர் மாடத்துக்குக் கீழே அட்டைப்பெட்டியில் கட்டிவைத்த செருப்பு. நருமி பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஆபீசுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"தெசிமா, நீ யார் பேரு போட்ட?"

"நான் என்னத்தப் போடறது? எங்க வீட்ல எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. கோமான்னு ஒரு நாய் இருந்துச்சுல்ல, அது பேரப் போட்டேன்." வாயில் சோற்றுடன் சிரித்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ராத்திரி படுத்தா தரையில நகம் பட்டு டிக்குடிக்குன்னு சத்தம். கனவுன்னு நெனச்சுக்கிட்டேன். ஏன், உங்களுக்கும் ஏதாச்சும் கேக்குதா?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். படித்தான். கீழே நகர்த்தி நகர்த்திப் படித்தான். கருத்துகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. அண்ணன் வந்திருக்கிறான். மாமியார் வந்துவிட்டார், தாங்க முடியவில்லை. முன்னால் போகிறவர் சண்டையில் விழுந்தால் பின்னால் இருப்பவர் முன்னுக்கு வரும் அந்தப் பழைய முறை பிரமாதம், எங்கள் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. மாடு எங்கே. மாடு எங்கே.

"கூப்பிட்டாச்சு, அனுப்பறதுக்கு வழி வைக்கல" என்றாள் நருமி. "தெசிமா, என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்துல ஒருத்தர். மூணு நாளா அவர் என் கண்ணைப் பாத்துப் பேசல. பொழுது சாயறதுக்குள்ள வழியனுப்பற நெருப்பக் குடுத்தாகணும். உன் கால்ல வேணாலும் விழறேன்."

"ஐயோ, என்னங்க பேச்சு இது! காட்சி பாதி செஞ்சு கெடக்கு. படம் கூட வரைஞ்சாச்சு. தெறந்து விட்டா போதும்." விரல்கள் ஏற்கெனவே தட்ட ஆரம்பித்துவிட்டன. "முதலாளி கேட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

மாடத்தில் வைக்கும் மாட்டின் படத்தை அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள், வசனத்தை எழுதினாள். 'வழியனுப்பலாமா? ஆம். இல்லை.' இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"ஆம்னு அமுக்குனா யாரை அனுப்பணும்?" என்று கேட்டான் தெசிமா. "பேரை வச்சுத் தேடற வேலைய இன்னும் செய்யலை. அதுக்கு நேரம் பிடிக்கும்."

"வரிசையில கடைசியா நிக்கறவங்களை அனுப்பு. கூப்பிட்டவங்க பின்னாடிதானே வர்றாங்க."

"அது ரொம்ப சுலபம்" என்றான் அவன்.

மலைகளின் விளிம்பில் வெளிச்சம் சிவக்கத் தொடங்கும் நேரத்தில் திருத்தம் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தெசிமா தன் மேஜையிலேயே ஆட்டத்தைத் திறந்தான். முதலில் கோமாவை அனுப்பிவைக்கிறேன், பாவம் அலைந்தது போதும் என்று சொன்னான். நருமி கருத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது: "அப்பாவை அனுப்பிவைத்தேன். அழுதுவிட்டேன். நன்றி." அவளும் அழுதுவிட்டாள். அப்பாடா! இரண்டாவது: "மாமியார் போய்விட்டார். வீடு எவ்வளவு அமைதி!" அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது: "நல்ல ஆட்டம். பின்னால் வந்தவர் போய்விட்டார். அவருடைய செருப்பு எனக்குப் பெரிதாக இருக்கிறது."

அவளுக்குப் புரியவில்லை.

"பின்னால் வந்த மகன் போய்விட்டான். இந்த வீட்டில் விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை."

"போய்விட்டாள். இனி நான் முன்னால்தான் நடப்பேன்."

"தெசிமா, இதைக் கொஞ்சம் பாரேன்."

அவள் மூலைப் பக்கம் திரும்பினாள்.

புகை வாசனை. இப்போது மெலிதாக இல்லை. மூலையில் நாற்காலி தானாகச் சுற்றி நின்றது. மேஜையில் பாதி கடித்த சோற்று உருண்டை. ஜன்னல் பூட்டியிருந்தது. வாசலுக்குப் போக அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், யாரும் தாண்டிப் போகவில்லை. தெசிமாவின் திரையில் ஊரின் மண்பாதை, அதில் சின்னதாக ஒரு வெள்ளை நாய். அதன் பின்னால் யாருமில்லை. மேஜைக்கு அடியில் டிக், டிக், டிக் என்று நகம் தரையில் பட்டு நடந்து வந்தது. சோற்று உருண்டை மேஜையிலிருந்து கீழே விழுந்தது. பிறகு மெல்லும் சத்தம்.

முன்னால் போகிறவர் விழுந்தால் பின்னால் இருப்பவர் முன்னுக்கு வருவார். எங்கள் வீட்டிலும் அப்படியே. எத்தனை பேர் அதை எழுதியிருந்தார்கள்! அவள் பாராட்டு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். தெசிமாவும் காட்டில் விழுந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர் விழுந்து பின்னுக்குப் போன வீடுகளில் கடைசியாக நிற்பது யார்? கடைசியாக நிற்பவரை அனுப்பு என்று சொன்னது யார்? அடிப்பாவி, நீதானேடி!

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே சோஹெய்க்கு போன் போட்டாள். நெடுநேரம் கழித்து எடுத்தான்.

"சோஹெய்! கேம் ஓடுதா? நீ முன்னாடி இருக்கியா, பின்னாடி இருக்கியா?"

"மத்தியானம் காட்டுல ஒரு கரடி அடிச்சதுல நான் விழுந்துட்டேன் நருமி." அவன் குரலில் அத்தனை சந்தோஷம். இரண்டு வருஷமாக அவள் கேட்டிராத குரல். "இப்ப பாப்பாதான் முன்னாடி. என்னா வேகம் தெரியுமா! நான் பின்னாடியே ஓடறேன்."

"ஆம்னு ஒண்ணு கேக்கும். அமுக்காத! என் மேல சத்தியமா அமுக்காத. ப்ளக்கைப் புடுங்கி எறி!"

"நான் எங்க அமுக்கறது? கன்ட்ரோலர் அவகிட்டதானே இருக்கு."

"அப்ப புடுங்கு! அவ கையிலேர்ந்து புடுங்குடா, சோஹெய்!"

"அழுவாளே" என்றான் அவன்.

கீச்.

போன் துண்டிக்கப்படவில்லை. மூச்சு கேட்டது. சின்ன மூச்சு, மூக்கடைத்த மூச்சு, காய்ச்சல்காரக் குழந்தை விடுவது.

அவள் ஓடினாள். தெருவில் வாசலுக்கு வாசல் ஜனங்கள் குந்தி உட்கார்ந்து பட்டையைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள், கரும்புகை தரையோடு தரையாகப் பரவிக் கண்ணை எரித்தது, யாரோ ஒரு அம்மாள் "பாத்துப் போம்மா" என்று சொன்னது பின்னால் கேட்டது. சில வாசல்களில் ஆள் இல்லை. நெருப்பு மட்டும் தானே எரிந்தது. ஒரு வீட்டின் கதவிடுக்கில் வெறும் கால்கள் நின்றன. ஈர மண் ஒட்டிய கால்கள். அவள் அண்ணாந்து முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் பட்டை கொளுத்தும் மண்தட்டு எதையும் அவள் வைக்கவில்லை. இப்போது இருந்தது. பட்டை எரிந்து அணைந்து சாம்பல் சிவப்பாகக் கண் சிமிட்டியது. பக்கத்தில் கத்திரிக்காய் மாடு, தெருவைப் பார்த்து நின்றது. கால்கள் நாலும் ஒடித்த சாப்பாட்டுக் குச்சிகள், சோஹெய்யின் கறுப்புக் குச்சிகள். முதுகு நசுங்கியிருந்தது, கனமான யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

"சோஹெய்?"

கதவு திறந்துதான் இருந்தது.

கூடத்தில் விளக்கு இல்லை. திரை மட்டும். நீலப் பெட்டியும் வெள்ளை எழுத்தும், அவள் உட்கார்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நீலம். மெத்தையில் சோஹெய் உட்கார்ந்த பள்ளம். அவன் சட்டை அதில் உட்கார்ந்த வாக்கில் சரிந்திருந்தது. தொட்டாள். சூடு இருந்தது.

திரையில் புதிதாக நெருப்பு எரிந்தது. வரவேற்பு நெருப்பு. அதன் முன்னால் சின்ன உருவம் ஒன்று, முதுகைக் காட்டிக்கொண்டு.

யாரை எதிர்பார்க்கிறாய்?

எழுத்துகள் மேல் கட்டம் நகர்ந்தது. மெதுவாக. எழுத்துக் கூட்டத் தெரியாத விரல் தேடுகிற மாதிரி. ஒரு எழுத்தில் நின்றது.

அ.

கன்ட்ரோலரின் வயர் திரையிலிருந்து தரையோடு ஊர்ந்து, இருட்டான உள்நடைக்குள் போயிருந்தது. மறுமுனை இழுபட்டு அசைந்தது.

ம்.

"வேணாம் சாயோ" என்றாள். "வேணாம்டி கண்ணு. அம்மா உசிரோட இருக்கேன். உசிரோட இருக்கறவங்களக் கூப்பிடக் கூடாது."

கட்டம் நகர்ந்தது. வயரைப் பிடுங்க அவள் குனிந்தாள். கை எட்டியது.

மா.

உள்நடையின் இருட்டில் ஒரு சின்ன முதுகு தெரிந்தது. மஞ்சள் கவுன், அவர்கள் கடைசியாகப் போட்டு அனுப்பியது. முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயோவும் திரும்பவில்லை. ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தாள்.

கீச்.

நருமியின் வலது கால் தானாக எழுந்து ஒரு அடி முன்னால் வைத்தது.

கீச்.

இடது கால்.