ஆறு திருகாணிகள்

மார்ச் 9, திங்கட்கிழமை. காலை 7.20.

குளியலறையிலிருந்து ஓர் அலறல்...

பிடித்து எழுவதற்கென்றே சுவரில் பொருத்திய கைப்பிடிக் கம்பி, எழுபத்தொரு வயதுத் தாயின் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது.

அது விபத்து. அநியாயம் பதினொரு மணிக்குத்தான் நடந்தது. அச்சுவரைச் செப்பனிட்டவரையே காவல்துறை பிடித்து வந்தது!

அவரைப் 'பட்டிக்காரர்' என்பார்கள். உடைந்த ஜிப்சம் பலகைச் சுவர்களைச் சரிசெய்து, பட்டி என்னும் சுவர்ப்பசை பூசிக் கொடுப்பவர்.

மகன் குளியலறை வாசலில் நின்று குதித்தான்.

"சுவத்துல பெரிய ஓட்டை இருந்துச்சு மேடம். மேலாக்கப் பட்டியப் பூசி மறைச்சுட்டு, அதுலயே கம்பிய மாட்டிட்டுப் போயிட்டான். எங்கம்மாவே ஆஸ்பத்திரியிலருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க."

பட்டிக்காரர் நிமிர்ந்தார்.

"அம்மாவா?"

"கையெழுத்து இருக்கு" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"வேலை செஞ்ச ரெண்டு நாளும், 'நீயும் எனக்கு ஒரு புள்ளதான்'னு சொன்னாங்களே மேடம்..."

"அதை ஜெயில்ல போய்ச் சொல்லு" என்றான் மகன்.

பட்டிக்காரர் குனிந்து, தரையில் கிடந்த திருகாணி ஒன்றை எடுத்தார். கறுப்பு. தலையில் துரு.

"இது என் ஸ்க்ரூ இல்ல."

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் இதைத்தான்யா சொல்றான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஈரம் படுற இடத்துல கறுப்பு ஸ்க்ரூ போடுவாங்களா மேடம்? நான் போட்டது ஸ்டீல். ரெண்டரை அங்குலம். இது முக்கால்கூட இல்ல. பலகையைத் தாண்டாது."

"தாண்டி எங்கேய்யா போகணும்? உள்ள வெறுங்காத்துதானே?"

"அறுத்துக் காட்டட்டுமா?"

அறுத்தார்.

சதுரத் துண்டொன்று கழன்று வந்தது. அதன் பின்னே குறுக்காக ஒரு கனத்த மரச்சட்டம்! உடைந்த பகுதியை வெட்டியெடுத்து, உள்ளே சட்டத்தைச் செருகி இறுக்கிய பிறகே புதுத் துண்டை வைத்து மூடியிருந்தார் அவர்.

சட்டத்தில் ஆறு துளைகள். ஆழமானவை. வெறுமையானவை.

"துளை இருக்கு. ஸ்க்ரூ எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மகனின் பார்வை வெளியே ஓடியது. கூடத்தில் தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது...

"டி.வி. புதுசா?"

"போ... போன வாரம் வாங்கினது மேடம்."

"யாரு மாட்டினா?"

இன்ஸ்பெக்டர் டார்ச்சைத் தொலைக்காட்சியின் பின்புறம் அடித்தார்.

ஆறு எஃகுத் தலைகள் பல்லைக் காட்டின.

"டி.வி.யோட வந்த ஸ்க்ரூ குட்டையா இருந்துச்சு மேடம்" என்றான் மகன். "கடை ரொம்ப தூரம். கம்பிதானே, குட்டையே போதும்னு மாத்திட்டேன்..."

மாலை. மருத்துவமனை. இன்ஸ்பெக்டரோடு பட்டிக்காரரும் வந்திருந்தார்.

"அம்மா, நீங்க ஆளை மாத்தி எழுதிட்டீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்க்ரூவைக் கழட்டினது உங்க மகன்."

"தெரியும்" என்றாள் தாய். "கழட்டறப்ப டார்ச் பிடிச்சதே நான்தான்."

"தெரிஞ்சுமா அந்தக் கம்பியைப் பிடிச்சீங்க?"

"தாங்கும்மான்னான். நம்பினேன்."

"அப்புறம் ஏன் இவர் மேல பழியைப் போட்டீங்க?"

"அவன் நான் பெத்த புள்ள."

பட்டிக்காரர் கட்டிலருகே வந்தார்.

"நானும் உங்க புள்ளதான்னு சொன்னீங்களேம்மா?"

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேலை நல்லா நடக்கணுமேன்னு சொன்னேன் தம்பி."

"நல்லாத்தானேம்மா செஞ்சேன்..."

ஆகவே வாசகரே, இதை மூடி வைத்துவிட்டு உடனே எழுந்திருங்கள். உங்கள் தாயார் நம்பிப் பிடிக்கும் கம்பியை நீங்களே ஒருமுறை பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பட்டிக்காரரைத் தேடாதீர்கள்.

டி.வி.யைக் கழற்றுங்கள்!