பதினோரு மணி மெழுகுவர்த்தி

வாளி மேலே வந்தது.

அதில் செம்புக் கல் இல்லை. வெள்ளீயக் கல்லும் இல்லை.

ஓர் ஆள் இருந்தான்.

ஜேபஸ் ஸ்பார்கோ. வயது இருபத்தொன்பது. காலையில் ஏணியில் தன் காலால் இறங்கிப் போனவன், மாலையில் மடங்கிய நிலையில் வாளியில் ஏறி வந்தான்.

1893, ஏப்ரல் மாதம். கார்ன்வாலில், கேம்போர்ன் ஊருக்கு வெளியே இருக்கும் டார்கஸ் சுரங்கம்.

மேலே கொட்டகையில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தார்கள். சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை வேலை கிடையாது. இந்தச் சுரங்கம் தன் ஆட்களுக்கு மனசாரக் கொடுக்கும் விடுமுறை அது ஒன்றுதான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி தாமசின். ஜேபஸின் கூட்டாளியான டிகோரியின் மனைவி.

வாளிக்குப் பின்னாலேயே ஏணியில் ஏறி வந்தான் டிகோரி. உடம்பெல்லாம் செம்மண். பாறை சரிந்து விழுந்துவிட்டது என்றான். காலை பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தனித்தனியே பிரிந்துபோய்த் துளை போட்டதாகவும், வேலை முடியும் நேரத்தில் கூப்பிடப் போனபோது ஜேபஸ் கல்லுக்கு அடியில் கிடந்ததாகவும் சொன்னான்.

தாமசின் அவன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தன் ஆள் முழுசாகத் திரும்பியதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகக் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தாள்.

நிம்மதி மறுநாள் காலைவரைதான்...

டாக்டர் ஜேபஸின் மண்டையைத் திருப்பிப் பார்த்தார். பாறை விழுந்தால் மண்டை நசுங்கும். இங்கே பின்பக்கம் வட்டமாக ஒரு குழி. சுத்தியலின் முகம் எவ்வளவோ அவ்வளவு.

கொலை.

எத்தனை மணிக்கு? அதைச் சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை. ஜேபஸின் தொப்பியே சொன்னது.

சுரங்கத்துக்குள் கடிகாரம் கிடையாது. மெழுகுவர்த்திதான் கடிகாரம். கெட்டித் தொப்பியின் முன்னால் களிமண்ணை வைத்து அழுத்தி அதில் வர்த்தியைச் செருகிக்கொள்வார்கள். பத்து மணிச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் புதுசு ஏற்றுவார்கள். மணிக்கு ஒரு விரற்கடை கரையும். ஜேபஸின் வர்த்தி சரியாக ஒரு விரற்கடை கரைந்து அணைந்திருந்தது.

பதினோரு மணி.

விசாரணை அதிகாரி போட்டோக்காரர் கிட்டோவைக் கூப்பிட்டு அந்தத் தொப்பியைப் படம் எடுக்கச் சொன்னார். பக்கத்தில் ஓர் அளவுகோலும் வைத்தார்கள். தொப்பி, போலீஸ் அலமாரிக்குள் போயிற்று.

அடுத்து டிகோரியைப் பிடித்தார்கள். காரணம் ஊருக்கே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் மிச்சிகன் செம்புச் சுரங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நல்ல ஆள் ஒருவரை அனுப்புங்கள் என்று. ஒரே ஒருவர். ஜேபஸும் டிகோரியும் அதற்காகச் சாராயக் கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டது போன வாரம்தான்.

அப்போதுதான் டிகோரி வாயைத் திறந்தான்.

"பதினோரு மணி வாக்கில கேப்டன் ரோடா ஜேபஸ் இருந்த பக்கம் போறதைப் பார்த்தேன். பெரிய மனுஷன் பேரை இழுக்க வேணாம்னுதான் சும்மா இருந்தேன்."

சார்ஜென்ட் ஆங்கோவ் எழுதிய பேனாவை நிறுத்தினார்.

கேப்டன் ஹானிபல் ரோடா. சுரங்கத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிப்பவர். ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பிரசங்கம் செய்பவர். குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த நீல ரிப்பனைக் கோட்டில் குத்திக்கொண்டு திரிபவர். பாறைக்கு முட்டுக் கொடுக்காமல் ஆட்களை வேலை வாங்குகிறார் என்று ஜேபஸ் மேனேஜரிடம் அவரைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தான். அதுவும் உண்மைதான்.

கேப்டன் பதறவே இல்லை. அன்று கிட்டோ சுரங்கத்துக்குள் இறங்கிப் படம் எடுத்தாரே, பதினோரு மணிக்குக் கடைசி மட்டத்தில் கேமரா முன்னால் நின்றுகொண்டிருந்தேன், போய்ப் பாருங்கள் என்றார்.

பார்த்தார்கள். கேப்டன் நடுவில். இரண்டு பக்கமும் இரண்டு தொழிலாளிகள். படத்தின் கீழே கிட்டோவின் அழகான கையெழுத்தில், 'முற்பகல் பதினோரு மணி'.

டிகோரி போட்மின் ஜெயிலுக்குப் போனான். இனி கயிறுதான் பாக்கி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கிட்டோவின் படங்கள் கடை ஜன்னலில் மாட்டப்பட்டன. ஊரே கூடியது. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் இருந்த பெண்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். தங்கள் புருஷன்மார் எவ்வளவு குறுகலான பொந்தில் முதுகை வளைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சிலர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தாமசின் திரும்பவில்லை. மூன்று நாள் அந்த ஒரு படத்தின் முன்னால் நின்றாள்.

நான்காம் நாள் கடைக்குள் நுழைந்தாள்.

"ஐயா, உங்க பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க."

கிட்டோ கொடுத்தார். தன் கலையை ரசிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மக்னீசியம் நாடாவைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கிய கஷ்டத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?"

"கீழேயே எழுதியிருக்கேனே அம்மா. பதினொண்ணு."

"கடிகாரம் பார்த்து எழுதினீங்களா?"

கிட்டோ தொண்டையைச் செருமினார். அந்த ஈரத்துக்குக் கடிகாரம் கெட்டுவிடும் என்று மேலேயே வைத்துவிட்டுத்தான் இறங்கினாராம். கேப்டனைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாராம். வந்ததும், ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறேனே என்று குறைபட்டுக்கொண்டாராம்.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"இப்பத்தான்யா மணி பதினொண்ணு, இருட்டுல உனக்கு நேரம் தெரியலைன்னாரு. அங்கே சூரியனா இருக்கு? அவர் சொன்னாரு, நான் எழுதினேன்."

தாமசின் படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மூணு தொப்பியையும் பாருங்க. மூணு வர்த்தியும் களிமண்ணைத் தொடப் போகுது. நான் பதினஞ்சு வயசிலேருந்து இந்த ஆளுங்க மேலே ஏறி வர்றதைப் பார்க்கிறவ. பத்து மணிக்கு ஏத்தினது இவ்வளவு கரையணும்னா மணி ரெண்டு ஆகியிருக்கணும். பதினோரு மணிக்கு உங்க கேப்டன் எங்கே இருந்தார்?"

கிட்டோவின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளும் அந்த ஜன்னலை நூற்றுக்கணக்கான சுரங்க ஆட்கள் பார்த்திருந்தார்கள். வர்த்தியைப் பார்த்தாலே மணி சொல்லக்கூடியவர்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. படத்தில் நின்ற இரண்டு பேர்கூட. சொன்னால் கேப்டன் நாளைக்கு எந்தத் தண்ணீர் ஒழுகும் பொந்தில் தள்ளுவாரோ என்ற பயம். ஒரு மனிதன் தூக்கில் தொங்கினாலும் பரவாயில்லை, நல்ல இடம் போய்விடக் கூடாது.

தாமசின் அந்தப் படத்தைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். கேப்டனைக் கைது செய்த அன்று மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ஆமாம், ரெண்டு மணிதான் என்று அந்த இருவரும் சத்தியம் செய்தார்கள்.

டிகோரி மீதான வழக்கைக் கைவிட்டு, அவனை வெளியே விட்டார்கள். கேப்டன் கூண்டில் ஏறினார்.

அங்கே அவர் உண்மையைச் சொன்னார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக என்று நினைக்கிறேன். தான் ரகசியக் குடிகாரன் என்றும், அன்று காலை பழைய பொந்து ஒன்றில் போதையில் விழுந்து கிடந்ததாகவும், எழுந்தபோது நேரம் போயிருந்ததால் கிட்டோவிடம் பொய் சொன்னதாகவும், பிறகு அந்தப் பொய்யை விட முடியவில்லை என்றும் சொல்லி அழுதார்.

கோர்ட்டே சிரித்தது. இருபது வருஷமாக நீல ரிப்பன் குத்திய மனிதர்! நம்புகிற மாதிரி ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே என்று ஜூரிகள் பரிதாபப்பட்டார்கள்.

தூக்கு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு.

இப்போது வெள்ளிக்கிழமை. மதியம்.

டிகோரியின் வீட்டு முற்றத்தில் மரப்பெட்டி தயாராக இருந்தது. மிச்சிகன் கடிதத்துக்கு இப்போது வேறு ஆள் இல்லை. முதலில் அவன் போவான், பிறகு அவளை அழைத்துக்கொள்வான். திங்கட்கிழமை கப்பல். தாமசின் வழிக்கு வேண்டிய பாஸ்டிகளை, இறைச்சி அடைத்த ரொட்டிகளை, சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கிட்டோ கேமராவோடு வந்து சேர்ந்தார். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பியவன் படம் என்றால் ஜன்னலில் ஊரே மொய்க்கும் என்பது அவர் கணக்கு. தொப்பியோடு, வர்த்தியோடு நிற்கவேண்டும் என்றார்.

"வெயில்ல எதுக்கு வர்த்தி? பகல்லயே விளக்கு ஏத்தற கிறுக்கன்னு மிச்சிகன்காரன் சிரிப்பான்" என்றான் டிகோரி.

"படத்துக்கு அழகு அதுதான்ப்பா. நீ நில்லு, போதும்."

டிகோரி உருண்டைக் களிமண்ணை எடுத்துத் தொப்பியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினான். வர்த்தியைச் செருகினான். படம் எடுத்து முடிந்ததும் தொப்பியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனான்.

கிட்டோ பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தாமசினிடம் கொடுத்தார்.

"இது உங்களுக்கு அம்மா. ஜேபஸ் தொப்பி. உங்க புருஷனைக் காப்பாத்தினது இந்த மெழுகுவர்த்திக் கணக்குதானே. ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க."

அவள் பார்த்தாள்.

அளவுகோல். வர்த்தி. ஒரு விரற்கடை குறைவு. எல்லாம் தெரிந்ததுதான்.

பிறகு வர்த்திக்குக் கீழே களிமண்ணைப் பார்த்தாள்.

பெருவிரல் பதிந்த பள்ளம். எதிரே நடுவிரல். மோதிர விரல். ஆள்காட்டி விரல் பதிய வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது...

எட்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் புருஷனின் தொப்பியிலிருந்து அந்தக் களிமண்ணைச் சுரண்டி எடுப்பவள் அவள். டிகோரியின் ஆள்காட்டி விரல் வெடியில் போய்விட்டது. அன்று ரத்தம் சொட்டச் சொட்ட அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியேறி வந்தவன் ஜேபஸ்.

சுவரில் மாட்டிய தொப்பியைப் பார்த்தாள். அதே மூன்று பள்ளம். அதே வழவழப்பு.

டார்கஸ் சுரங்கத்தில் ஒருவன் தொப்பி விளக்கை இன்னொருவன் தொடமாட்டான். தொட்டால் சாவு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. தலையே போனாலும் தன் விளக்கைத் தன் கையால்தான் வைப்பார்கள்.

கிட்டோ போனதும் கேட்டாள்.

"அன்னிக்கு ஜேபஸ் தொப்பியைத் தொட்டியா?"

டிகோரி துண்டில் கை துடைத்தான். "அவன் விளக்கு பக்கமே போகலைன்னு கோர்ட்டிலயே சத்தியம் பண்ணினேனே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"சும்மாதான். கேப்டன் நெசமாவே குடிச்சுட்டுக் கிடந்திருந்தா?"

"கிடந்தான்தான். வாயைப் பொளந்துக்கிட்டு..."

நிறுத்தினான். தாமதமாக நிறுத்தினான்.



"அப்ப நீ பார்த்திருக்கே" என்றாள் தாமசின். "எழுந்து நடக்க முடியாதவன் ஜேபஸ் பக்கம் எப்படிப் போனான்?"

அவன் கண் சுவரில் தொங்கிய தொப்பிக்குப் போனது. பிறகு அவள் கையிலிருந்த அட்டைக்கு. அடிக்கிற வேகத்தில் ஜேபஸின் விளக்கு தண்ணீரில் விழுந்து போய்விட்டது என்றான் மெதுவாக. விளக்கில்லாத தொப்பியோடு செத்துக்கிடந்தால் பாறை விழுந்தது என்று எவன் நம்புவான்? தன் தொப்பியில் எரிந்த வர்த்தியையே ஊதி அணைத்து எடுத்து வைத்தேன் என்றான். வேறு ஒருவன் இருட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பான். சுரங்கக்காரனுக்குத்தான் செத்தவன் தலையிலும் விளக்கு வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு தாமசின். நமக்காகத்தான் செஞ்சேன்."

இந்தக் கைக்காகவா மூன்று நாள் அந்த ஜன்னலில் நின்றோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. கேப்டனின் மனைவி நினைவுக்கு வந்தாள். சேப்பல் முதல் பெஞ்சில் தனியாக உட்காருகிறாள். பக்கத்தில் உட்கார யாரும் வருவதில்லை. போன ஞாயிறு தாமசினும்தான் உட்காரவில்லை.

"நீ ஒண்ணும் பேசமாட்டே" என்றான் டிகோரி. கெஞ்சலா மிரட்டலா என்று அவனுக்கே தெரியவில்லை. "நீதானே என்னைக் காப்பாத்தினே."

"பாஸ்டி ஆறுது. சாப்பிடு" என்றாள்.

அவன் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். பெண்டாட்டி சாப்பாடு போட்டால் சமாதானம் என்று நம்புகிற புருஷன்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தாமசின் தொப்பியைக் கூடையில் வைத்தாள். மேலே துணி போட்டாள். சோப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முற்றத்துக் கதவை வெளியே தாழிட்டாள்.

நேரே போலீஸ் நிலையம்.

சார்ஜென்ட் ஆங்கோவ் அலமாரியைத் திறந்து ஜேபஸின் தொப்பியை வெளியே எடுத்தார். களிமண் காய்ந்து வெடித்திருந்தது. பள்ளங்கள் மட்டும் அப்படியே இருந்தன. பக்கத்தில் தாமசின் கொண்டுவந்த தொப்பி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அப்புறம் வெளியே இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களை அவள் வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, தூக்கை நிறுத்தச் சொல்லித் தந்தி எழுதக் காகிதத்தை இழுத்தார்.

"போன தடவை நீங்க ஒரு படத்தோட வந்தீங்க. ஜெயில் கதவைத் திறந்தோம். இப்ப இன்னொரு படத்தோட வந்து நிக்கிறீங்க. நான் என்னம்மா செய்யறது?"

தாமசின் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதே கதவைத்தான் திறங்க. இந்த வாட்டி ஆளைப் பார்த்துத் திறங்க."