பவித்ரனுக்கு வைத்த இலை

சிரிஞ்சுக்குள் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது.

ரோசிலி அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கர்க்கடக மாதத்து மழை விடிந்ததிலிருந்து ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. நடுப்பகலிலும் விளக்குப் போடவேண்டிய இருட்டு. சுவரெல்லாம் ஈரம் பூத்து, பின்கட்டில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை நோயாளியின் அறைவரைக்கும் வந்து அசையாமல் நின்றது. பருக்கை பருக்கையாகத்தான் இருந்தது. நசுங்கக்கூட இல்லை.

ஒவ்வொரு வேளையும் ஊட்டுவதற்கு முன்னால், பவித்ரனின் வயிற்றில் துளையிட்டு வைத்த குழாயில் சிரிஞ்சை மாட்டி, முந்தைய வேளையின் மிச்சம் இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பாள். கஞ்சித்தண்ணீரும் பித்தமும் வரும். துணியில் இரண்டு தடவை வடிகட்டாத எதையும் அந்தக் குழாய்க்குள் அவள் விட்டதே கிடையாது. பவித்ரன் வாயால் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டைப் பழைய சோடா பாட்டிலில் ஊற்றிவைத்தது அவர்தான். தோட்டத்திலிருந்து வந்த தாகத்தில் அதைத் தண்ணீர் என்று கவிழ்த்துக்கொண்டதும் அவர்தான். உயிர் தப்பியது, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் வெந்து ஒட்டிப்போயிற்று. சொந்த எச்சிலைக்கூட விழுங்க வழியில்லாமல் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார். எடை நாற்பத்தைந்து கிலோ ஆகட்டும், ஆபரேஷன் செய்து வாயால் சாப்பிட வைத்துவிடலாம் என்றிருந்தார் டாக்டர். அந்த எடையை ஏற்றிவிடத்தான் ஹோம் நர்ஸாக ரோசிலி இந்த வீட்டுக்கு வந்திருந்தாள். என்ன கொடுத்தும் மனிதர் எலும்பாகவே கிடந்தார்.

சிரிஞ்சும் கையுமாக அடுக்களைக்குப் போனாள். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்த பவித்ரனின் ஒரே மகள் ரெஜிஷா, மடியில் கைக்குழந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருடி கொழாயில சோத்த விட்டது? அடைச்சுக்கிட்டா இந்த மழையில ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டு ஓடறது?"

"எனக்கென்ன பைத்தியமா சேச்சி? அந்தக் கொழாயத் தொடவே எனக்கு உதறும்."

பொய் சொல்கிற முகமில்லை அது. ரோசிலிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அடுத்த வேளை ஒரு கடுகு வந்தது. அதற்கடுத்து தேங்காய்த் துருவல். கோழிக்கறியின் எண்ணெய், மஞ்சளாக, வாசனையோடு. பவித்ரன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"ரோசிலி," என்றார். "இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மி."

"இப்படிக் கருணையில்லாம குறை சொல்றீங்களே? கொழாய்ல போறதுக்கு நாக்கு எங்கருந்து வந்துச்சு?"

"குறை இல்ல மோளே. தோணிச்சு, சொன்னேன்."

அடுத்த முறை எடை பார்த்தபோது முள் ஏறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டாள்தான். கன்னத்தில் சதை கண்டுவிட்டது, நகத்தில் ரத்தம் தெரிந்தது, இன்னும் கொஞ்சநாள் போனால் ஆபரேஷன். ஆனால் இந்தப் பக்கம் இவர் தேறத் தேற, அந்தப் பக்கம் ரெஜிஷாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பெண் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

"எவ்வளவு தின்னாலும் உள்ள எறங்கின மாதிரியே இல்ல சேச்சி. கெணத்துல கல்லப் போட்டுட்டு சத்தம் வருமான்னு காத்திருக்கேன்."

ரோசிலி யோசித்து, யோசித்ததற்காகவே வெட்கப்பட்டு, கடைசியில் செய்து பார்த்தாள். தோட்டத்தில் மிஞ்சிக் கிடந்த கடைசிப் பலாவை வெட்டி ரெஜிஷா கையில் சுளைகளைக் கொடுத்தாள். அவள் கொட்டையைத் துப்பி முடித்த கையோடு, உள்ளே வந்து சிரிஞ்சை மாட்டி இழுத்தாள். அறை முழுக்கப் பலாப்பழம் மணத்தது. குழாயின் வாயில் மஞ்சள் நார்.

கர்த்தரே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ரெஜிஷா, உண்மையச் சொல்லு. இந்த வீட்டுல என்ன பண்ணி வெச்சிருக்க?"

ரெஜிஷா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"கர்க்கடக அமாவாசை, வாவு அன்னிக்கு, சேச்சி. நீங்க உங்க வீட்டுக்குப் போயிருந்தீங்களே, அன்னிக்கு. செத்துப்போன அம்மாவுக்கு வீட்டுக்குள்ள இலை போட்டு, கோழியும் அடையும் கள்ளும் வெச்சு, அவங்க வந்து சாப்பிடட்டும்னு கதவச் சாத்தினோம். கோழிக்கறி மணத்துக்கு அச்சன் சின்னப்புள்ள மாதிரி அழுதாரு. எனக்கு மனசு கேக்கல. மணத்தையாவது சாப்பிடட்டும்னு, அம்மா இலை பக்கத்துல அச்சன் பேரச் சொல்லி இன்னொரு இலை போட்டேன்."

"உசுரோட இருக்கற மனுஷனுக்கா? செத்தவங்க வரிசையிலயா?"

"தப்புன்னு தோணல சேச்சி."

"அந்த இலைச் சோத்த அப்புறம் யாரு சாப்பிட்டது?"

"நான்தான். பால் குடுக்கறவளாச்சே, வீணாக்குவானேன்னு."

சொல்லிவிட்டு அந்தப் பெண் விஷயம் புரிந்து அலறுவாள் என்று ரோசிலி நினைத்தாள். அலறவில்லை. முகம் மலர்ந்தது. "அப்ப நான் சாப்பிடறது அச்சனுக்குப் போகுதா?" என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய் இன்னொரு தட்டு சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா மேல் அப்படி ஒரு பாசம். ரோசிலிக்கு அழுகையே வந்துவிட்டது.

இறந்தவர்களுக்குப் பலி போட்டுவைக்கும் கர்மியைப் போனில் பிடித்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி, பரிகாரம் உண்டா என்று கேட்டாள்.

"இலைய எடுத்துடலாம் மோளே," என்றார் அவர். "பந்திக்கு உக்காந்தவர நான் எப்படி எழுப்புவேன்?"

மறுநாள் காலை பவித்ரனுக்கு வயிறு இளகியிருந்ததால் பால் சேர்க்காமல் ராகித் தண்ணீரை வடிகட்டி எடுத்துவைத்தாள். வழக்கம்போல் சிரிஞ்சை இழுத்தாள்.

வெள்ளையாக வந்தது. மெல்லிசான பால், சின்னச் சின்னத் திரியாக. அவள் மூக்கருகே கொண்டுபோனாள். மாட்டுப்பால் வாடை இல்லை. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"இன்னிக்கு என்ன குடுத்த?" பவித்ரன் புன்னகையோடு கேட்டார். "வெதுவெதுன்னு, லேசா இனிப்பா..."

சிரிஞ்சை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். குழந்தையின் துணியை விலக்கினாள். இத்தனை நாள் துணிக்குள் சுற்றியே பார்த்த குழந்தை. விலா எலும்பு. தொடையில் தொங்கும் தோல். உச்சிக்குழி உள்ளே அமுங்கிக் கிடந்தது. எத்தனையோ வயிறுகளைப் பார்த்தவள் அவள். இது பட்டினி கிடக்கும் வயிறு.

"இன்னிக்கே கெளம்பு. உன் வீட்டுக்காரருக்குப் போன் போடறேன், ஜீப்போட வரச் சொல்றேன். இனிமே பவுடர் பால்தான். உன் பால் குடுக்காதே, கேட்டியா?"

"அச்சன்?"

"உன் கொழந்தையப் பாருடி!"

ரெஜிஷா பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உதடு கோணியது. ரோசிலி துணிமணிகளை மூட்டை கட்டினாள். பவுடர் பாலுக்கு வெந்நீர் வைத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது, அழுகை தேய்ந்தது, பூனைக்குட்டி மாதிரி ஆனது. பிறகு நின்றது.

மழையும் சட்டென்று நின்றிருந்தது. அந்த அமைதியில்தான் கேட்டது.

மடக்.

பவித்ரன் அறையிலிருந்து.

மடக். மடக்.

ரோசிலி வாசலில் போய் நின்றாள். பவித்ரன் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு பொட்டு எச்சிலுக்கும் வழிவிடாத தொண்டை மேலேறி, கீழிறங்கி, மேலேறி... வாய் மூடியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜிஷா தாலாட்டும் குரல். மனசு கேட்காமல் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

குழந்தை உறிஞ்சும் சத்தம். இங்கே மடக்.

உறிஞ்சும் சத்தம். மடக்.

"எடு! கொழந்தைய எடுடி!"

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. உறிஞ்சும் சத்தம் நின்றது.

தொண்டை நிற்கவில்லை.

"எடுத்துட்டேன் சேச்சி," ரெஜிஷாவின் குரல் வந்தது, மூச்சில்லாமல். "கீழ படுக்க வெச்சுட்டேன். என்கிட்ட இல்ல. ஆனா... மார்ல இன்னும் இழுக்குது சேச்சி. இழுத்துக்கிட்டே இருக்கு."

மடக். மடக். மடக்.

பவித்ரன் கண் திறக்காமல், நிறைந்த வயிற்றை ஒரு கையால் மெல்லத் தடவிவிட்டுக்கொண்டார்.