கருங்கல்வலசில் ஒரு கேதம்

காலை ஏழரைக்கு ஊர்ச்சங்கு ஒரு முறை நீளமாக ஊதும். ஊதுகிறவள் நான்தான்: வஞ்சிக்கொடி, கருங்கல்வலசின் கையெண்ணர். சத்தம் கேட்டதும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் மைதானத்துக்கு வந்து நிற்பார்கள். பாதிப் பேர் கண்ணில் இன்னும் தூக்கம் இருக்கும். என் கையிலுள்ள வாக்குப்பலகை ஒளிரும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகரத்திலிருந்து அன்றைய ஆணைகள் வரிசையாக வரும்.

அடுப்புப் பற்ற வைக்கும் நேரம் ஐந்து நாற்பதிலிருந்து ஆறு பத்துக்கு மாற்றம். கிணற்று மூடிகளுக்குச் சாம்பல் நிறம் மட்டும். நாய்க்குப் பெயர் வைப்பதாக இருந்தால் தேசியப் பட்டியலைப் பார்த்து வைக்க வேண்டும். இதையெல்லாம் சிரிக்காமல் வாசிக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அப்புறம் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது. அதை அடக்கப் பழகியதற்குக் கணக்கே இல்லை. நான் பழைய ஆள். என் வீட்டு அடுப்பு எப்போது எரிய வேண்டும் என்று என் வீட்டைப் பார்த்தே இராத ஒருவன் சொல்வது எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

ஒவ்வோர் ஆணைக்கும் பிறகு பலகை கேட்கும்: "ஏற்பவர்கள் கை தூக்குக." ஏறக்குறைய பாதிக் கைகள் எழும்பும். நான் எண்ணித் தட்டுவேன். "பிளவு. ஆணை செல்லும்" என்று பச்சை எழுத்து வரும். எல்லோரும் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை.

மாநிலங்களைக் கலைத்துக் கூட்டரசு அமைத்தபோது ஊர்கள் கொதித்தன. அந்தக் கொதிப்பை அடக்க ஊற்றிய தண்ணீர்தான் ஒன்பதாம் விதி. ஓர் ஆணையை, கூடிய ஊரில் ஒரே ஓர் ஆள்கூட ஏற்கவில்லை என்றால், அது அந்த ஊரில் செல்லாது. எவ்வளவு பெரிய உரிமை என்று அன்றைக்குக் கை தட்டினார்களாம். முப்பத்தெட்டு வருடத்தில் கூட்டரசின் எந்த ஊரிலும் அது ஒரு தடவைகூடப் பலிக்கவில்லை. எழுதியவர்களுக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாடு முழுக்க இரண்டே கட்சிகள். ஒன்று குடை, இன்னொன்று உலக்கை. பிறந்த குழந்தையைத் தவிர எல்லோரும் ஏதாவது ஒன்றில் இருக்கிறார்கள். எல்லோர் காதிலும் செவியோடை இருக்கிறது. சட்டத்தில்தான் அந்தப் பெயர், ஊரில் அதைக் காதுப்பொட்டு என்போம். உளுந்தளவுதான் இருக்கும். எதிர்க்கட்சிக்காரன் உன்னைப் பற்றி என்ன சொன்னான் என்று நாள் முழுக்க ஓதிக்கொண்டிருக்கும். வாக்கு நேரத்தில் "அவர்கள் மறுக்கப் போகிறார்கள்" என்று ஒரு கட்சியின் காதுக்கு மட்டும் சொல்லும். அவ்வளவு போதும், அந்தக் காதுக்காரர்கள் கை தானாக மேலே போய்விடும். இரண்டு கட்சிக்கும் பொட்டை இலவசமாகக் கொடுப்பது தலைநகரம்தான். ஏன் இலவசம் என்று யாரும் கேட்டதில்லை.

என் அண்ணன் ராக்கியப்பன் உலக்கைக் கட்சியின் ஊர்ச் செயலாளர். என் கணவர் சென்னியப்பன் குடைக்காரர். ஆறு வருடத்துக்கு முன் கிணற்று மூடி ஆணையின்போது மைதானத்தில் இருவருக்கும் வாய்த் தகராறு வந்தது. எங்கள் ஊர்ச் சண்டை ஆதலால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'ங்க' போட்டேதான் திட்டிக்கொண்டார்கள். ஆனால் அன்றோடு அண்ணன் என் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார். என் மகள் இளவெயினிக்கு அப்போது நாலு வயது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய வயதெல்லாம் அப்படியே போயிற்று.

இப்போது அவளுக்குப் பத்து.

போன திங்கட்கிழமை மறுநாளைய ஆணைகளின் முன்பட்டியல் வந்தது. மூன்றாவது ஆணை: ஊர்ப் பள்ளி மூடப்படும். பத்து வயது நிரம்பிய குழந்தைகள் நாற்பத்தொரு பேர் வடக்கே உள்ள தேசிய உறைவிடப் பள்ளிக்கு மாற்றப்படுவர். பதினெட்டு வயது வரை அங்கேதான். வருடத்துக்கு ஒரு முறை, பதினைந்து நிமிடம், திரையில் பெற்றோரைப் பார்க்கலாம். பேருந்து செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வரும். பட்டியலில் பதினேழாவது பெயர் இளவெயினி. கையெண்ணருக்கு வாக்கு கிடையாது. என் பிள்ளையை அனுப்பும் கைகளை நான் எண்ணித் தட்டலாம், அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்க வீடு வீடாக நடந்தேன். குழந்தைகளை அனுப்பக் கூடாது என்பதில் ஓர் ஆளுக்கும் சந்தேகம் இல்லை. குடைக்காரன் மறுக்கும்போது தானும் எப்படி மறுப்பது என்பதுதான் உலக்கைக்காரனுக்குச் சிக்கல். குடைக்காரர் வீட்டுக்குப் போனால் இதையே திருப்பிப் போட்டுச் சொன்னார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் விரல் காதுக்குப் போகும், பார்வை மாறும்.

அண்ணன் வீட்டுக்கும் போனேன். வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, பிள்ளையப் பறிகுடுக்கறதுக்கா பெத்தேன்?"

"வெசனமாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா உன்ற ஊட்டுக்காரரு கட்சி இதுல என்னமோ சூழ்ச்சி பண்ணுதாமா. எங்காளுங்க கை தூக்காம இருந்தா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிருமில்ல?"

"அதை ஆரு சொன்னது?"

அவர் விரல் காதைத் தொட்டது.

திரும்பி வரும் வழியில், எங்கள் வேலியோரம் சாய்த்து வைத்திருந்த பழைய மூங்கில் முறத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

பத்து வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு சாவு. பாடையை எந்த வீதி வழியாக எடுத்துப் போவது என்பதில் காதுப்பொட்டு புகுந்துவிட்டது. குடைக்காரர்கள் கிழக்கு வீதி என்றார்கள், உலக்கைக்காரர்கள் மேற்கு. பிணம் மதியம் வரை வெயிலில் கிடந்தது. ஊருக்கே வெட்கமாகிப்போயிற்று. அன்றிலிருந்து ஒரு கட்டு உண்டு: கேத வீட்டு வாசலில் ஒரு முறம் இருக்கும். யாராக இருந்தாலும் காதுப்பொட்டைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கேதத்துக்கு வராமலும் இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் எந்த ஆணையும் இல்லாமல் எல்லோரும் கீழ்ப்படிகிற ஒரே சட்டம் இதுதான்.

ஒன்பதாம் விதியை எடுத்து வாசித்தேன். 'ஊர் கூடிய இடத்தில்' என்றுதான் இருக்கிறது. மைதானம் என்று எங்கேயும் இல்லை.

கணவரிடம் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "பொய்யாச் சங்கு ஊதுனா உன்ற வேலை போயிரும் புள்ள. அதுவுமில்லாம, உசுரோட இருக்கற ஊட்டுக்குக் கேதம் சொல்றதா?"

"நாளைக்கு அந்த பஸ்ல ஏத்தி உட்டுட்டா, அதுக்குப் பேரு என்னங்க?"

அவர் எழுந்து பந்தல் காலைத் தேடப் போனார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சங்கை மூன்று முறை ஊதினேன். மூன்று முறை ஊதினால் சாவு. யார் என்று சங்கு சொல்லாது, எந்த வீடு என்று மட்டும் ஊர்த்திரையில் வரும். என் வீட்டு எண் வந்தது. குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் விசையை அழுத்தினேன்.

சனம் திமுதிமுவென்று வந்தது. முறத்தில் பொட்டுகள் உளுந்து கொட்டினாற்போல் விழுந்தன. ஏழு மணிக்குள் பந்தல் நிறைந்து வீதியும் நிறைந்துவிட்டது. யாரும் வாசலிலேயே "ஆரு?" என்று கேட்பதில்லை, அது முறையில்லை. உட்கார்ந்து, வரக்காப்பி வாங்கி, பிறகுதான் மெல்லக் கேட்பார்கள். அந்த மரியாதைதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

கடைசியாக அண்ணன் வந்தார். ஓடி வந்திருக்கிறார், சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. இரண்டு கையிலும் ஒரு கோடிச் சேலையை ஏந்தியிருந்தார். தங்கை புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். திரையில் என் வீட்டு எண்ணைப் பார்த்தவர், சென்னியப்பன்தான் போய்விட்டார் என்று தானாக முடிவு கட்டி, சேலைக் கடைக்காரனை எழுப்பி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆறு வருடம் மிதிக்காத வாசலில் பொட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். எதிரே காப்பித் தட்டோடு நின்றது என் கணவர்.

"வாங்க மச்சான். காப்பி குடிங்க."

அண்ணன் வாய் திறந்தபடி நின்றது. "மாப்ள! நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க. சேலை நல்லாத்தான் இருக்குது. எனக்குன்னு பார்த்து எடுத்தாப்பல இருக்குது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முகம் சட்டென்று சாம்பலாயிற்று. மாப்பிள்ளை இருக்கிறார், தங்கை இருக்கிறாள். அப்படியானால்?

"கொழந்தை எங்கே?" என்று கத்தினார். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "என்ற கொழந்தை எங்கே அம்மிணி?"

"மாமா" என்று உள்ளேயிருந்து இளவெயினி வந்தாள். பேருந்துக்குப் பெட்டி கட்டிய கையோடு, தலை வாரி, புதுப் பாவாடையில் நின்றாள். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இளவெயினியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் பந்தல் நடுவில் போய் நின்றேன். "இந்த ஊட்டுல ஆரும் சாவலீங்க. பொய்யாத்தான் ஊதுனேன். ஆனா ஒன்பது மணிக்கு பஸ் வருது. நாப்பத்தொரு ஊட்டுல எழவு உழப் போகுது. பதினேழாவது எங்க ஊடு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்துல வந்துட்டீங்க. இப்ப மணி ஏழரை."

அந்த நிமிடம் கையிலிருந்த பலகை ஒளிர்ந்தது. முதல் இரண்டு ஆணைகளும் வேலி உயரம் பற்றியவை. யார் கை தூக்கினார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை, எண்ணித் தட்டினேன். மூன்றாவதை வாசித்தேன். என் மகளின் பெயரையும் சேர்த்து நாற்பத்தொரு பெயரையும் வாசித்தேன். குரல் உடையாமல் வாசித்ததுதான் எனக்கே ஆச்சரியம்.

"ஏற்பவர்கள் கை தூக்குக."

ஊர் மொத்தமும் காதைத் தொட்டுப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. எதிர்க்கட்சி என்ன செய்யப் போகிறது என்று சொல்ல ஆளில்லாமல், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் என்ன இருக்கிறது என்று நேராகப் பார்த்தார்கள். உலக்கைக்காரர்கள் எல்லோரும் கடைசியில் பார்த்தது அண்ணனை.

அண்ணனின் வலது கை எழுந்தது. முப்பது வருடப் பழக்கம். பாதி தூரம் வந்தது, காதைத் தொட்டது, அங்கேயே தடுமாறி நின்றது. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கி, பக்கத்தில் இருந்த இளவெயினியின் தலைமேல் அமர்ந்தது. அங்கேயே இருந்தது.

நான் எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக நான் எதையும் எண்ணியதில்லை. ஒரு கைகூட இல்லை.

பலகையில் பூச்சியத்தை மட்டும் தனியாகத் தட்டினேன். இத்தனை வருடத்தில் அப்படித் தட்டியதே இல்லை. "பிழை. மீண்டும் எண்ணுக" என்றது பலகை. தட்டினேன். "பிழை" என்றது. கூட்டத்திலிருந்து ஓர் உலக்கைக்காரர் எழுந்து, "எங்களுக்கு எண்ணத் தெரியும்னு சொல்லுங்க அம்மிணி!" என்று கத்தினார். "ஆமாங்க, நல்லாச் சொன்னீங்க!" என்றது குடைக்காரர்கள் பக்கம். மூன்றாம் முறை பலகையைத் தூக்கி, அதன் காமிராக் கண்ணை ஊருக்கு நேராகத் திருப்பிக் காட்டினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதை முறைத்தார்கள். பலகை வெகுநேரம் யோசித்தது.

"ஒருமிப்பு. ஆணை செல்லாது."

அந்த எழுத்து சிவப்பு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பந்தல் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. நான் அழுதேன். கேத வீட்டில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஒன்பது மணிக்குப் பேருந்து வந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி. கதவைத் திறந்து நாற்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது. யாரும் ஏறவில்லை. தலைநகரத்தோடு என்ன பேசியதோ, கதவைச் சாத்திக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து, திரும்பிப் போயிற்று. குழந்தைகள் ஊர் எல்லை வரை அதைத் துரத்திக்கொண்டு ஓடின. என் அண்ணனும் ஓடினார், கோடிச் சேலையைக் கொடி மாதிரி சுழற்றிக்கொண்டு.

திரும்பி வந்ததும் மூச்சு வாங்கக் கேட்டார்: "பொய்ச் சங்கு ஊதுனதுக்கு உன்ற வேலையப் புடுங்குவாங்களா?"

"ஆணை வருமுங்க அண்ணா."

"வரட்டும். அதையும் இங்கதான வாசிக்கோணும்?"

முறம் வாசலிலேயே இருந்தது. போகும்போது பொட்டை எடுக்கப் பலரும் மறந்துவிட்டார்கள். மறந்தார்களோ, மறந்த மாதிரி போனார்களோ, நான் கேட்கவில்லை.

எங்கள் முடிவு எல்லா ஊர்த்திரையிலும் ஒரு வரியாக வந்திருக்கிறது: கருங்கல்வலசு, ஏற்பு பூச்சியம். சுற்று வட்டாரத்து ஊர்களுக்குப் பேருந்து புதன்கிழமை வருவதாக இருந்தது. பெண் கொடுத்தும் எடுத்தும் எல்லா ஊரிலும் எங்களுக்குச் சொந்தம் உண்டு. செவ்வாய் சாயங்காலம் வரை யார் யாரோ கூப்பிட்டு, முறம் எங்கே வைத்தீர்கள், எத்தனை மணிக்கு ஊதினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

புதன் விடிந்ததும் நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். மணி ஐந்து முப்பது. ஆணைப்படி இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. இருக்கட்டும். அண்ணன் இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். இளவெயினி அவர் தோளில் சாய்ந்து காப்பிக்குக் காத்திருந்தாள். அப்போது தெற்கிலிருந்து ஒரு சங்கு கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

அண்ணன் பழக்கத்தில் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "ஐயோ, ஆரு போனாங்களோ?"

"உக்காருங்க மச்சான்" என்றார் என் கணவர். "அங்கயும் ஆரும் சாவலீங்க."

கிழக்கே இன்னொரு சங்கு மூன்று முறை. பிறகு மலையடிவாரத்திலிருந்து ஒன்று. தண்ணீர் கொதிப்பதற்குள் பதினாலு ஊர் ஆயிற்று. எண்ணுவதுதான் என் வேலை. ஆனால் அதற்கு மேல் நான் எண்ணவில்லை.