நீள லென்ஸில் விழாத ஆள்

ஜெசிந்தா அன்றும் அலைத்தடுப்புக் கல்மேல் உட்கார்ந்து லென்ஸைத் திருகி மாட்டினாள். முழங்கை நீளம் இருந்தது அது. தண்ணீருக்கு அப்பால், எதிர்த் தடுப்பின் நுனியில், அந்த நீலச் சேலைக்காரி வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, முகத்தில் பைனாகுலர். ஜெசிந்தாவின் முதுகுப் பக்கம்தான் தூத்துக்குடித் துறைமுகம். கப்பல் பார்க்கிறாளாக்கும்.

கேமராவுக்குள் கண்ணை வைத்தால் அவளுடைய முந்தானை காற்றில் படபடப்பதுகூடத் தெரிந்தது. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். படத்தில் கல் இருந்தது, கடல் இருந்தது, ஒரு கடற்காகம் இருந்தது. ஆளைக் காணோம். ஒரு வாரமாக இதே கூத்துதான்.

கடல் ஏறி வந்ததிலிருந்து அவளுடைய தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டுதான் காவல். வேலை பார்க்கும் குடிநீர் ஆலையை இயந்திரங்களே ஓட்டிக்கொள்கின்றன. இரவு முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள், அது இவள். வாய் திறந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் மட்டும். கனடாவில் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் அக்கா ஒவ்வொரு முறையும் கவலைப்பட, இவளும் வாய்க்கு வந்தபடி ஒரு சிநேகிதியைப் படைத்துவிட்டாள். எதிர்த் தடுப்பில் கண்ட நீலச் சேலை, காலையில் கடற்கரைப் பேச்சு, பண்டிகைக்குப் பலகாரம் என்று அந்தச் சிநேகிதி வளர்ந்துகொண்டே போனாள்.

போன ஞாயிறு அக்கா கிடுக்கிப்பிடி போட்டுவிட்டாள். "அவகூட நிக்கிற போட்டோ ஒண்ணு அனுப்புட்டி. இல்லன்னா வீட்ட வித்துட்டு உன்ன இங்க கூட்டிட்டு வந்துருவேன்."

பனி கொட்டுகிற ஊரில், அக்கா வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொள்வதா? அதனால்தான் கேமராவைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாதவள், கடையில் இருந்ததிலேயே பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் சிநேகிதி படத்தில் விழட்டும், பக்கத்தில் தன்னைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

லென்ஸ் கோளாறு என்று கடைக்கார மைதீனிடம் போய் நின்றாள். அவர் படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெளியில் எடுக்கப் பெரிசாக இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நினைப்பதுதானாம். பகல் வெளிச்சத்துக்கு விலை கூடிய லென்ஸே தேவையில்லையாம்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்குக்கா. உருவுரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆளோட கையில இருக்க இசைவு வளையம் சரின்னு சொன்னாத்தான் ஆள் படத்துல விழும். இல்லன்னா கேமராவுல இருக்க நிரப்பி, அந்த இடத்துல கல்லையும் கடலையும் போட்டு மூடிரும். வளையம் நாலு எட்டுக்கு மேல பேசாது. நீங்க அக்கரையில நின்னா அந்தம்மா எப்படிச் சரி சொல்லுவாங்க?"

சட்டம் அவளுக்கும் தெரியும். தூரத்தில் நின்றால் அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம் என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

மைதீன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பழைய குட்டி லென்ஸை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். நம் ஊர் உப்புக்காற்றில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பதைத்தான் என்றார். பெரியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு இதைக் கொடுப்பதாகவும், மீதிப் பணம் கையில் வரும் என்றும் சொன்னார்.

"இதுல ஜூம் கிடையாதே?"

"கால் இருக்குல்லக்கா. நடங்க."

மறுநாள் அவள் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்த் தடுப்புக்கு நடந்தாள். ஒரு அந்நிய மனுஷியிடம் போய் என்னவென்று ஆரம்பிப்பது? வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம் நுனிக்குப் போனதும் மறந்துபோனது. நீலச் சேலைக்காரி காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவள் கையில் இருந்தது பைனாகுலர் இல்லை. கேமரா. முழங்கை நீள லென்ஸ்.

"அந்தக் கல்லுல உக்காந்திருப்பீங்களே, நீங்கதான?" என்றாள் அவள். பெயர் பெர்பெத்துவா. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். பிறகு கேமராத் திரையை ஜெசிந்தா பக்கம் திருப்பி ஒவ்வொன்றாக நகர்த்தினாள். வெறும் கல். மழையில் கல். வெயிலில் கல்.

"இது பூரா நீங்கதான்" என்றாள். "இங்க எனக்கு ஒரு துணை இருக்குன்னு மகன்ட்ட உங்களத்தான் சொல்லி வச்சிருந்தேன். படம் கேட்டான். இதத்தான் அனுப்புனேன். கல்லுகூடவாம்மா பேசுதன்னு சிரிச்சான்."

ஜெசிந்தாவும் தன் பொய்யைச் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், இனிமேல் தினமும் இந்தப் பக்கமே வந்துவிடுவதாக ஜெசிந்தா சொன்னாள்.

பெர்பெத்துவா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நேத்து வீட்டுச் சாவியக் குடுத்தாச்சும்மா. மத்தியானம் வண்டி. பெங்களூருக்கு, மகன்ட்ட."

ஜெசிந்தாவுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாளும் இடையில் இருந்தது ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்தானே.

ஜெசிந்தாவின் கேமராவைக் கையில் நீட்டிப் பிடித்து இருவருமாக ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வளையங்களிலும் பச்சை விளக்கு எரிந்தது. தோளோடு தோள் ஒட்டி, இரண்டு முகமும் படத்தில் அப்படியே விழுந்தன.

அக்காவிடமிருந்து அன்றே பதில் வந்தது. பார்த்தால் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரித் தெரிகிறதாம். வீடு அங்கேயே இருக்கட்டுமாம்.

மறுநாள் காலை ஜெசிந்தா எதிர்த் தடுப்புக்கே போனாள். நுனிக்கு நாலு எட்டு முன்னால் நின்று, குட்டி லென்ஸால் ஒரு படம் எடுத்தாள். கல் இருந்தது, கடல் இருந்தது. நிரப்பிக்கு அன்று வேலையே இல்லை.