பூட்டு உடையாமல் போன ஏரி

காலை பதினொரு மணி. பேரிகை கிராமத்துக்கு அருகே ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. போன வாரம் நீருக்குள் கிடந்த மதகுப்படி இப்போது வெளியே நின்று பல்லிளித்தது. கரையில் உடைப்பில்லை. மதகுப் பூட்டில் கீறல்கூட இல்லை. அடியில் தேங்கியது போக, தண்ணீரை மட்டும் காணோம்.

சாவி இருந்தது மதகுக் காவலர் முனிவேலின் இடுப்பில். அதுவே வினையாயிற்று.

"தக்காளிக்கு இன்னும் ஒரு தண்ணிதான் பாக்கி. அதையும் வித்துட்டியாப்பா?" ஏரிச் சங்கத் தலைவர் தீர்த்தகிரி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "ஊரை விட்டுக் கெளம்பு!"

"எம் புள்ளைங்க மேல சத்தியங்க. பூட்டத் தொடவே இல்ல."

எஸ்.ஐ. பிரவீனா நடுவில் புகுந்தார். அதே நேரம், கரைச்சாலை வேகத்தடையில் ஒரு டேங்கர் லாரி, பாத்திரக்கடை சரிந்தது போலக் கடகடவென்று ஏறி இறங்கி, பக்கத்தில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தது.

குடில்காரர் ஹரீஷ்குமார் ஓடி வந்தார். "என் கெணறும் காஞ்சு, தகரம் போட்டு மூடிட்டேன் மேடம். தெனம் டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்தறேன்."

ஊரே 'உச்' கொட்டியது.

"ராத்திரி மதகுப் பக்கம் யாரு வந்தா?" பிரவீனா முனிவேலைக் கேட்டார்.

"யாரும் வரலைங்க."

"நீங்க தூங்கிட்டீங்களா?"

"இல்லைங்க."

"நல்ல ஆளுங்க! தப்பிக்க ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?"

டேங்கர் திரும்பி வந்தது. அதே வேகத்தடை. இம்முறை சத்தமே இல்லை. பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வாங்கியவரைப் போல மெல்ல ஏறி, மூடியோரம் தளும்பி, ஓசூர்ப் பக்கம் ஊர்ந்தது.

பிரவீனா கைநீட்டி மறித்தார்.

"ஹரீஷ், சந்தைக்கு வாங்க வர்றவன்தான் காலிப் பையோட வந்து, நெறஞ்ச பையோட போவான். உங்க டேங்கரும் கடகடன்னு காலியா வந்து, தளும்பிக்கிட்டுப் போகுது. நீங்க தண்ணி வாங்கல, விக்கிறீங்க. அந்தக் காஞ்ச கெணத்தக் காட்டுங்க."



தகரத்தை விலக்கினார்கள். ஹரீஷ்குமாரை அடிக்க ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. உச்சி வெயில் இறங்கிய ஆழத்தில், கருங்கல்லைக் கிடையாகத் துளைத்த ஓட்டை வழியே ஏரி வெள்ளியாகப் பீறிட்டு விழுந்துகொண்டிருந்தது. கெண்டைக் குஞ்சு ஒன்று அதோடு வந்து துள்ளியது. அதுவரை ஏரியை மேலிருந்தே பார்த்த ஊர், முதன்முறையாக அதன் அடிவயிற்றைப் பார்த்தது.

"சைடு போர்," பிரவீனாவின் குரல் தாழ்ந்தது. "ஏரிக்கு அடியில துளை. நாம எல்லாரும் பூட்டையே பாத்துட்டிருந்தோம்."

தீர்த்தகிரி தலை குனிந்து சாவியை நீட்டினார். முனிவேல் வாங்கவில்லை; கண்ணை எடுக்காமல் நீரையே பார்த்தார்.

"இத்தன வருசமா தலைமாட்டுலயே காவல் இருந்தேங்க. கால்மாட்டப் பாக்கவே இல்ல. கயிறும் சாக்கும் குடுங்க."

அவர் இறங்கினார். சற்று நேரத்தில் சாக்கு ஓட்டையை அடைக்க, இரைச்சல் அடங்கியது. தீர்த்தகிரியே கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுத்தார்.