தாயைப் பார்த்தேன்

குட்டி புல்லில் கால் வைக்க மறுத்தது.

ரொவேனா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கி வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, புது இடம், தென்கோளத்து ஜனவரிக் கோடை வெயில் வேறு, போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தாள். ஆனால் அவளுடைய ஆறு வயது மகள் பிப்பா அதை வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்லில் இறக்கிவிடும்போதெல்லாம் அந்தப் பழுப்பு நாய்க்குட்டி தணலை மிதித்ததுபோல நான்கு கால்களையும் மாறி மாறித் தூக்கியது, தள்ளாடி ஓடியது, குழாயடிச் சாக்கடைமேல் போட்டிருந்த இரும்புக் கம்பி வலையைத் தேடிப் போய் அதன்மேல் ஏறி நின்றுகொண்டது. அங்கே நின்ற பிறகுதான் அதன் நடுக்கம் அடங்கியது. கம்பிகளுக்கு நடுவே பாதம் நழுவாமல் விரல்களை அகட்டி நிற்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"கிரேவிக்குப் புல்லு கூசுதும்மா!" என்று பிப்பா சிரித்தாள். இறைச்சிக் குழம்பின் நிறத்தில் இருந்ததால் அவள் வைத்த பெயர் அது.

பள்ளிக்கூட ஷூ வாங்கத்தான் அன்று காலை பண்டபர்க் நகரில் இருந்த அந்த ஷாப்பிங் சென்டருக்குப் போயிருந்தார்கள். ஷூக் கடையை ஒட்டிச் செல்லப்பிராணிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வெட்டிப்போட்ட காகிதக் குவியலில் ஐந்து குட்டிகள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு வாரம், வீட்டில் ஒரு வாரம் என்று வளர்கிற குழந்தை அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் பெற்றவளுக்கு மனசு இளகாதா? இளகும் என்று அந்தக் கடைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஷூக் கடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தான்.

கடைப்பெண் ஷெல்பி படிவத்தை நீட்டினாள். கடைசி வரி இப்படி இருந்தது: 'இந்தக் குட்டியின் தாயை நேரில் பார்த்தேன். நலமாக இருக்கிறது.'

"தாய் எங்க இருக்கு?" என்றாள் ரொவேனா.

"அது நாய்ப் பண்ணையிலங்க. ரொம்ப தூரம். எல்லாரும் சும்மா போடுறதுதான். இந்தக் கையெழுத்து இல்லாம பில்லு வராது."

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதே என்று அந்த ஊரில் நாய் வளர்க்கிற எல்லாரும் சொல்வார்கள். ரொவேனாவே ஆபீஸில் ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறாள். இருந்தும் கையெழுத்துப் போட்டாள். ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். ஷூ வாங்க மறந்தே போனார்கள்.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போலவே அவர்கள் வீடும் ஆளுயர மரத் தூண்கள்மேல் நின்றது. கீழே காரும் துணிக்கொடியும். தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே நடப்பதெல்லாம் மேலே கேட்கும். அன்று சாயங்காலம் அவள் சாஸேஜ் வறுத்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய்ச் சத்தத்துக்கும் மாமரத்து வௌவால்களின் கூச்சலுக்கும் அடியில், நேராகத் தன் பாதத்துக்குக் கீழே, ஏதோ ஒன்று சிமெண்டில் நகம் உரச ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று படுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. மூச்சோடு வாடையும் மேலே வந்தது. திரிந்த பால், மூத்திரம், துரு. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தாள். கார்தான் நின்றது. பக்கத்தில் சிமெண்ட் ஈரமாக இருந்தது. அடுத்த வீட்டு நாய் வந்து போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே ஏறினாள், வழக்கத்தைவிட வேகமாக.

ஞாயிற்றுக்கிழமை பிப்பா ஹாலில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் விரலை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னடி பண்ற?"

"கிரேவியோட அம்மா கீழ இருக்காம்மா."

"யார் சொன்னா உனக்கு?"

"அவ ஒவ்வொரு இடுக்கா மோந்து பாத்துட்டு வந்தா. என் விரலையும் மோந்தா. மூக்கு ஜில்லுனு இருந்துச்சு." குழந்தை யோசித்தாள். "நக்கியும் விட்டா. பாவம், அவளுக்கு மடி கட்டிக்கிட்டு வலிக்குது."

அந்த வார்த்தை ஆறு வயதுக் குழந்தைக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ரொவேனா கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள். பிப்பாவை இழுத்து எழுப்பி, விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஹால் முழுக்கக் கம்பளத்தை விரித்தாள்.

திங்கள் விடியும்போது கிரேவி வாந்தி எடுத்திருந்தது. அதற்குப் பிறகு ரத்தமாகப் போயிற்று. ஒருமுறை முகர்ந்தால் மூக்கைவிட்டுப் போகாத, இனிப்பும் இரும்பும் கலந்த நாற்றம்.

கால்நடை மருத்துவர் மௌரா, ஊரில் பாதிப் பேரை வாயால் வெளுத்து வாங்கியவர், குட்டியின் பல்லைப் பார்த்தார், கழுத்துத் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பைக் கருவியால் படித்தார், ரொவேனா நீட்டிய கடைப் படிவத்தைப் புரட்டினார், கருவியை மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"எட்டு வாரம்னு எழுதிக் கொடுத்தானா? இதுக்கு அஞ்சு வாரம்கூட ஆகல. பால்குடி. பார்வோ வந்திருக்கு, குட்டிகளைக் கொல்ற வைரஸ். இதே பண்ணை நம்பர்ல இந்த மாசம் இது ஏழாவது குட்டி."

"பொழைக்குமா டாக்டர்?"

"ட்ரிப்ஸ் போடறேன். ஏன்மா, தாயைப் பாத்தியா நீ?"

"இல்ல."

"பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே!"

ரொவேனா படிவத்தை வாங்கி மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"உங்க ஒவ்வொருத்தர் கையெழுத்துதான் அந்தப் பண்ணைக்காரனுக்கு லைசென்ஸ். நல்லா இருங்க," என்றார் மௌரா. பிறகு குரல் தணிந்தது. "வீட்டை பிளீச் ஊத்திக் கழுவு. இது தொட்ட துணி எதையும் வெச்சுக்காத, எரிச்சிடு. பிள்ளையைக் கொஞ்சம் தயார் பண்ணி வை."

மூன்று மணிக்கு அது இறந்துவிட்டதாகப் போன் வந்தது. பிப்பா தரையில் புரண்டு அழுதாள். கிரேவி படுத்திருந்த துண்டை வாங்கப் போன அம்மாவின் கையைக் கடித்துவிட்டு, அதை முகத்தில் பொத்திக்கொண்டே அழுது அழுது தூங்கிப்போனாள். தூங்குகிற பிள்ளையின் பிடியிலிருந்து அதைப் பிடுங்க ரொவேனாவுக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து கடைக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, சாரிங்க," என்றாள் ஷெல்பி. "கேரண்டி இருக்கு. வேற குட்டி எடுத்துக்கலாம், அதே கலர்லயே."

"இது என்ன மிக்ஸியா, மாத்திக் குடுக்க? என் பொண்ணு அழுது மூச்சு முட்டித் தூங்குறா. அந்தத் தாயை எனக்குக் காட்டு. நான் பாக்கணும். இப்பவே பாக்கணும்!"

ஷெல்பியின் குரல் கிசுகிசுப்பாக மாறியது.

"அக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. அது கிறிஸ்மஸுக்கு மறுநாளே செத்துடுச்சு. குட்டிங்கள எடுக்க விடலையாம். பண்ணைக்காரன் கம்பியால அடிச்சானாம். வேன்காரன்தான் சொன்னான். எட்டு வருஷம் ஒரே கம்பிக் கூண்டு, ஒருநாள்கூடத் தரையில எறக்கி விட்டதில்லையாம்."

"தெரிஞ்சுமா வித்த?"

போன் கட்டாகிவிட்டது.

ரொவேனாவுக்கு ஆத்திரம் வந்தது. முகம் தெரியாத பண்ணைக்காரன்மேல், கேட்டும் கேட்காததுபோல் வண்டி ஓட்டிய வேன்காரன்மேல், அதே கலரில் இன்னொன்று இருக்கிறது என்றவள்மேல். எல்லாரையும்விடத் தன் வலது கைமேல். கம்பளத்தைச் சுருட்டி வீசினாள். வாளியில் பிளீச்சைக் கரைத்து, கண்ணில் நீர் வழிய, ஹாலிலிருந்து பின்கதவு வரை பலகை பலகையாகத் தேய்த்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு மேலே மழைமேகம் பச்சையும் கறுப்புமாகத் திரண்டு நின்றது, வீட்டுக்குள் வெளிச்சம் கலங்கிவிட்டது, மாமரத்தில் ஒரு வௌவாலும் கத்தவில்லை.

அப்போதுதான் பின்பக்க மரப்படியில் சத்தம் கேட்டது.

நீண்டு வளைந்துபோன நகங்கள் மரத்தில் இடறுகிற சத்தம். ஒரு படி. பிறகு தொங்கிக்கொண்டிருக்கும் எதையோ அடுத்த படியின் விளிம்பில் இழுத்து ஏற்றுகிற ஈரமான உரசல். ஓய்வு. மறுபடி ஒரு படி. நடந்து பழக்கமில்லாத ஒன்று, படி என்றால் என்னவென்று தெரியாத ஒன்று, விழுந்து விழுந்து ஏறிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். நிற்காமல்.

ரொவேனா துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்கதவு கொசுவலைக் கதவு. கொக்கி மாட்டியிருந்தது. மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

கடைசிப் படி.

வலை உள்பக்கமாகப் புடைத்தது. மெல்ல. ஒரு தலை அகலத்துக்கு. வெளியே எதுவும் தெரியவில்லை. புடைப்பு மட்டும். அதன் நடுவில் மூச்சு பட்டு ஈரமான ஒரு வட்டம்.

"போயிடு," என்றாள். "இங்க இல்ல. உன் குட்டி இங்க இல்ல. செத்துப்போச்சு. என்னை மன்னிச்சிடு."

வலைக்கு அப்பால் மூச்சு நின்றது.

வலை பழையபடி தட்டையானது.

கொக்கியை இன்னொரு முறை பார்த்தாள். மழையின் முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. பிளீச் நெடியைத் தள்ளிக்கொண்டு பால் வாடை வந்தது. முன்னாலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினாள்.

இப்போதுதான் துடைத்த தரை. ஈரம் காயாத தரை. அதில் பாதத் தடங்கள். விரல்களை அகல விரித்து ஊன்றிய தடங்கள். இரண்டு வரிசைத் தடங்களுக்கு நடுவே, சொட்டுச் சொட்டாக, வெள்ளையாக, பால்.

பிப்பாவின் அறை வரை.

சாத்திய கதவு திறந்திருந்தது.

ஓடினாள். அறை வாசலில் நின்றாள்.

கட்டிலில் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. முழங்கையிலும் இடுப்பிலும் முடி உதிர்ந்து தோல் காய்த்திருந்தது. மண்டையின் ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. கொழகொழத்துத் தொங்கிய மடி கட்டில் விளிம்பு வரை வழிந்து கிடந்தது. அந்த வயிற்றின் வளைவுக்குள் பிப்பா, கிரேவியின் துண்டு கழுத்தில் சுற்றிக் கிடக்க, முழங்கால்களை மடக்கி, சின்னதாகச் சுருண்டு. அது நாக்கை நீட்டி, குழந்தையின் நெற்றியை, இமைகளை, மூடிய இமைகளை, மறுபடி மறுபடி, பொறுமையாக நக்கியது.

"பிப்பா! எழுந்திரு! அம்மாகிட்ட வா!"

பிப்பா கேட்டாள். தலையைத் தூக்கினாள். கண்களைத் திறக்கவில்லை. மூக்கை மட்டும் உயர்த்தி, இந்தப் பக்கம் முகர்ந்தாள், அந்தப் பக்கம் முகர்ந்தாள். பிறகு முகத்தைத் திருப்பி அந்த ஈர வயிற்றில் புதைத்து, இரண்டு கைகளாலும் மாறி மாறி அமுக்கி அமுக்கி, காம்பைத் தேடினாள்.

ரொவேனா ஒரு அடி முன்னால் வைத்தாள்.

தாய் தன் தாடையைக் குழந்தையின் கழுத்தின்மேல் பதித்து, ரொவேனாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.